பீடி குடிக்காதவரின் கையெழுத்து

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில்லிலிருந்து நாங்கள் நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸ் விஷயமாக இன்று மேனேஜர் வந்தான். இவருக்கு நுரையீரல் கெட்டது பஞ்சுத் தூசியால் அல்ல, பீடியால் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டான். பீடியைத் தொட்டே அறியாத மனிதரிடம்!

“போட்ருங்க அண்ணாச்சி, கேஸு இதோட முடிஞ்சிரும்லா,” என்று குழைந்தான். மில்லுக்குள் மூக்கைப் பொத்தாமல் ஒருநாளும் நடந்திராதவன்.

இவர் பேனாவை வாங்கினார். மூச்சு வாங்க வாங்க அடியில் எழுதினார்: ‘நான் குடித்தது இருபது வருஷம் உங்கள் தூசியைத்தான்.’ அதற்குக் கீழே கையெழுத்து.

“கேட்ட கையெழுத்து கெடச்சிட்டுல்லா, கொண்டுபோங்க,” என்றேன்.

அவன் தாளைக் கிழித்து வாசலில் எறிந்துவிட்டுப் போனான். மடையன். மில்லின் முத்திரை அதில் அப்படியே இருக்கிறது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிவிட்டேன். காலை பஸ்ஸில் கோவில்பட்டி வக்கீலிடம் கொண்டுபோக வேண்டும்.