பிரித்துத் தைத்த பாஸ்போர்ட்

என் அருமை மகள் சுண்டெலிக்கு,

பைண்டிங் சக்கரவர்த்தியும் பசைவாளிக்கு அதிபதியுமாகிய உன் சித்தப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், என் இடுப்பு வலி, உன் சித்தி ஆகிய மூவரும் இருக்கிறோம், முதல் இரண்டும் ஒற்றுமையாக நலம், மூன்றாவதோடு பத்தொன்பது நாளாகப் பேச்சு இல்லை, அதாவது சாப்பாடு, சாவி, தண்ணீர் மோட்டார் இவை தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையாகப் போகிறவரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அந்த மூன்றாவது நபர்தான் கைப்பையில் கொண்டுவந்து தருவாள், உறையை நானே ஒட்டியிருக்கிறேன், ஓரத்தில் சுருக்கம் இருந்தால் ஆகாயத்திலேயே பிரித்துப் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள். சித்தப்பா ஏன் கூட வரவில்லை என்பதற்கு அவள் ஒரு கதை வைத்திருக்கிறாள், அதில் நான் கோமாளியாக வருவேன். அதை நம்பாதே, நம்பினாலும் முழுசாக நம்பாதே, துரோகம் இழைக்கப்பட்டவன் வாயால் ஒரு தடவை கேள்.

முதலில் விலைச் சமாச்சாரம். பாஸ்போர்ட்டுக்கு அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கேட்டு நான் விட்ட பெருமூச்சில் அந்த அலுவலகத்து மின்விசிறி ஒரு சுற்று பின்னோக்கிச் சுற்றியது. முப்பத்தாறு பக்கம், ஒரு அட்டை, நடுவில் ஒரு தையல், அவ்வளவுதானே அம்மா, ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து கல்லூரி ஆய்வேடு வரை முப்பத்தொரு வருடமாகத் தைக்கிறவனுக்கா தெரியாது. அந்தக் காசுக்கு நான் இந்த ஊரில் உள்ள அத்தனை புத்தகத்துக்கும் அட்டை போட்டு, மிச்சத்தில் தபால் நிலையத்துக்கே ஒரு அட்டை போட்டிருப்பேன். இதை எடுத்துச் சொன்னபோது, ஐயா, நீங்க தாளுக்கா காசு குடுக்குறீங்க என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். பின்னே உங்க முகத்துக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது, உன் சித்தி இடுப்பில் கிள்ளிவிட்டாள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கொத்தனார் நின்றிருந்தார், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர், கட்டணம் ஒரு பக்கம், படிவம் நிரப்பிக் கொடுத்த கடைக்காரன் கறந்தது ஒரு பக்கம், மூன்று தடவை அலையவிட்டதில் மூன்று நாள் கூலி போனது ஒரு பக்கம், அங்க போயி ஒரு செங்கல் வைக்கல, அதுக்குள்ள வீட்டுக்காரி வளையலை வச்சாச்சு அண்ணே என்றார். நம் எதிர்வீட்டு மொத்த வியாபாரியை உனக்குத் தெரியும், கறிகாய் வாங்கப் போவது மாதிரி மாதத்துக்கு ஒரு தடவை பறக்கிறவர், முத்திரை குத்த இடமில்லாமல் புத்தகத்தை மாற்றுகிறவர், அவருக்கும் அதே கட்டணம், அந்தக் கொத்தனாருக்கும் அதே கட்டணம், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பப் போகிற எனக்கும் அதே கட்டணம். இது என்ன நியாயம்? எனக்கு ஒரு தாள் போதும், சில்லறையாகக் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்களே ஒழிய கொடுக்கவில்லை. கட்டிவிட்டு வந்தேன், வரும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் ஒரே நாளில் தபாலில் வந்தன. உன் சித்தி தன்னுடையதை வாங்கிய வேகத்தில் பீரோவில் வைத்துப் பூட்டி, இதுல உங்க கை படக்கூடாது சொல்லிட்டேன் என்றாள், எவ்வளவு தூரம் முன்யோசனை பார். என்னுடையதை, அதைக் கடைக்கு எதுக்கு என்று அவள் கத்தக் கத்த, நான் கடைக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் விரித்தேன். நடுப்பக்கத்தில் தையல் தளர்ந்து ஒரு நூல் நுனி பல்லி வால் மாதிரி வெளியே தொங்குகிறது! அத்தனை காசு வாங்கிக்கொண்டு இப்படி ஒரு தையலா, என் கடையில் ஒருவன் இப்படித் தைத்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். அந்த நுனியை லேசாகத்தான் இழுத்தேன் அம்மா, சத்தியமாக லேசாகத்தான், அது மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. பிறகு அப்படியே விட முடியுமா? ஷட்டரைப் பாதி இறக்கி, ஆஸ்பத்திரிப் பதிவேட்டு வேலையை ஒதுக்கி வைத்து, மெல்லிய ஊசி எடுத்து, நூலுக்கு மெழுகு தடவி, பழைய ஓட்டைகளோடு புதிதாக நாலு ஓட்டை போட்டு, அப்படி ஒரு தையல் போட்டேன். இரண்டு யானை இரண்டு பக்கம் நின்று இழுத்தாலும் யானைதான் அறுந்து போகும். என் ஆயுளில் அதைவிட நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை என்று ராத்திரி உன் சித்தியிடமும் பெருமையடித்தேன், உன் கல்யாணத்துக்குப் போகிற புத்தகமல்லவா.

விசாவுக்குக் கொடுக்கப் போன இடத்தில்தான் என் சாம்ராஜ்யம் சரிந்தது. உன் வயதுப் பெண் ஒருத்தி, என் புத்தகத்தை நீல விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தாள். அரசாங்க நூல் அந்த விளக்கில் மின்னுமாம், என் நூல் மின்னவில்லையாம். இதை யாரோ பிரிச்சிருக்காங்க, ஆள் மாறாட்டக் கேஸா இருக்கலாம், போலீஸுக்குச் சொல்லணும் என்றார் பெரியவர். நான் அசரவில்லை, தலையை நிமிர்த்தி, வரும்போதே அப்படித்தான் வந்தது ஐயா, தைத்த அரசாங்கத்தைக் கேளுங்கள் என்று கம்பீரமாகச் சொன்னேன். அந்த நேரத்தில், சரியாக அந்த நேரத்தில், முப்பது வருடம் என் சம்பாத்தியத்தில் சாப்பிட்ட உன் சித்தி பின்னாலிருந்து முந்திக்கொண்டு, ஐயா அவர் திருடன் இல்லீங்க, பைண்டிங் கடை வச்சிருக்கார், நூல் தொங்குச்சுன்னு அவரேதான் பிரிச்சுத் தைச்சார், நான் அடிச்சுக்கிட்டேன் கேக்கல என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உங்களைக் காப்பாத்தத்தானே சொன்னேன் என்கிறாள் இன்றைக்கும். காப்பாற்றினாள்தான். என் புத்தகத்தைப் பழையபடி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே அனுப்ப, அங்கே மூலையைக் கத்தரித்துச் செல்லாதென்று முத்திரை குத்தினார்கள், அவளுடையதை விசாக்காரர்கள் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே அனுப்பினார்கள். இனி அபராதத்தோடு மறுபடி முழுக் கட்டணம், விசாரணை, பிறகு புதுப் புத்தகம், பிறகு விசா. அவசரக் கட்டணம் எவ்வளவு என்று நானே கேட்டேன் அம்மா, மூன்று மடங்கென்றாலும் கட்டத் தயாராக நின்றேன், அன்றைக்குத் திட்டிக்கொண்டே வந்த அதே வாயால் கெஞ்சினேன். சேதப்படுத்தினவங்களுக்கு அவசரம் கிடையாதுங்க என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதே ஆள். கட்டணம் அநியாயம் என்று இப்போதும் சொல்வேன், அந்தக் கொத்தனாருக்காகவாவது சொல்வேன். ஆனால் எத்தனை காசு கொடுத்தாலும் தர மாட்டோம் என்று சொல்லும்போது அந்தப் பழைய விலை எத்தனை மலிவாகத் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் இன்னும் ஆறு வாரம். உன் பதிவுத் திருமணத்துக்கு இருப்பது பதினோரு நாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன், தப்பிக்கலாம் என்று நினைக்காதே. சித்தியும் அலுவலகத்துப் பெரியவரும் செய்த துரோகமெல்லாம் எறும்புக் கடி, நீ செய்ததுதான் தேள் கொட்டியது. விஷயத்தைச் சொல்ல வியர்த்து விறுவிறுத்து உனக்குப் போன் செய்தேன், நீ அழுவாய், கத்துவாய், யோவ் சித்தப்பா உனக்கு அறிவிருக்கா என்று கேட்பாய் என்று சமாதானப் பேச்செல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நீ என்ன சொன்னாய்? பரவாயில்ல சித்தப்பா, சாட்சிக் கையெழுத்து யார் வேணா போடலாமாம், ஆபீஸ்ல மேனேஜர் போடுறேன்னு சொல்லிட்டார் என்றாய், அவ்வளவு இதமாக, வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி. அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஆறு வயதில் என் கடைக்கு வந்து சேர்ந்த உனக்கு, பள்ளிக்கூடத்தில் சேர, பல் பிடுங்க, சுற்றுலா போக, விடுதியில் தங்க, அத்தனை தாளிலும் பெற்றோர் என்று போட்டிருந்த கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டவன் நான். உன் மதிப்பெண் தாளில் நீயே என் கையெழுத்தைப் போட்டு மாட்டிக்கொண்ட அன்றும் அது நான் போட்ட கையெழுத்தேதான் என்று வாத்தியாரிடம் பொய் சொன்னேன். கடைசித் தாளில் மட்டும் யாரோ ஒரு மேனேஜரா? அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் எதற்கு?

பத்தொன்பது நாளாகச் சித்தியோடு நான் பேசாததற்குக் காரணம் அவள் கவுண்டரில் உளறியதுதான் என்று அவள் நினைக்கிறாள். உண்மை என்னவென்றால், வாயைத் திறந்தால் உன்னைப் பற்றிப் பேச வேண்டிவருமே என்று பயம். நீ தீர்க்காயுசாக, குறைவில்லாமல், புருஷனை அடக்கி ஆண்டு, அவரும் அது தெரியாமல் சந்தோஷமாக இருக்க என் பரிபூரண ஆசீர்வாதம். சித்திக்கு மாடிப்படி இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும், கையைப் பிடித்து இறக்கு, நான் சொன்னதாகச் சொல்லாதே. அவள் இரண்டு மாதம் அங்கேதான் இருக்கப் போகிறாள். அதனால் கேட்கிறேன், முதலும் கடைசியுமாக ஒன்று கேட்கிறேன், தேதியை ஆறு வாரம் தள்ளிவைப்பாயா? மண்டபத்துக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, விடுமுறை எடுத்தாகிவிட்டது, முடியாது என்றால், முடியாது போய்யா என்று முகத்தில் அடித்த மாதிரி சொல், தாங்கிக்கொள்வேன். பரவாயில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

கையெழுத்துப் போடப் பேனாவோடு காத்திருக்கும்,
உன் சித்தப்பா