பொத்திய கை

அக்கா, இன்று அலுமாரியை ஒதுக்கும்போது நாம் பாவித்த அந்தக் கண்ணாடி அகப்பட்டது. அதன் முன்னால் என் இடக்கையை வைத்தேன். உள்ளே ஒரு வலக்கை தெரிந்தது. அது என்னுடையதில்லை என்று பட்டதும் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீங்கள் கண்மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு என்னிடம் முதன்முதல் வந்தபோது உங்களுக்கு வலக்கை முழங்கையோடு நின்றிருந்தது. கிழக்கில் சண்டை முடிகிற காலத்தில் வவுணதீவில் விழுந்த ஷெல் கொண்டுபோன கை. வாவிச் சேற்றைத் தடவி இறால் பிடித்த கை.

"இல்லாத கை பொத்தினபடி கிடக்கு புள்ள. நகம் உள்ளங்கைய வெட்டுது," என்றீர்கள். ஊரில் பேய் என்றார்களாம். நான் படித்தவள் அல்லவா, சிரித்தேன்.

ஒளியோ, சூடோ, வலியோ, நரம்பில் ஓடுவது ஒரே மாதிரியான மின்துடிப்புத்தான் என்று விளக்கினேன். மூளையின் எந்த இடத்துக்கு வந்தது, எவ்வளவு வேகமாக அடுத்தடுத்து வந்தது என்பதை வைத்தே மூளை இன்னதென்று அறிகிறது. கை போனாலும் கைக்குரிய இடம் அங்கே இருக்கும். பக்கத்து இடம் முகத்துக்குரியது. முகத்தின் செய்தி கையின் இடத்துக்கும் கசியும். சொல்லிக்கொண்டே ஈரப் பஞ்சால் உங்கள் கன்னத்தைத் தொட்டேன். பெருவிரல் நனைகிறது என்றீர்கள். படித்து அறிந்ததுதான், ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கண்ணாடிக்குப் பின்னால் துண்டுக்கையை மறைத்து, இடக்கையைப் பொத்தி மெல்ல விரிக்கச் சொன்னேன். உள்ளே வலக்கை விரிவதைக் கண்டால் மூளை நம்பிவிடும். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இல்லாத கை விரிந்தது, உங்கள் தோள் தளர்ந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

நீங்கள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சுனாமி வந்த காலையில், தேற்றாத்தீவில், மகளை அந்தக் கையால்தான் பிடித்திருந்தீர்கள் என்று அப்போதுதான் சொன்னீர்கள். தண்ணீர் அவளைப் பறித்துக்கொண்டது. பிறகு ஷெல்லில் கை போனதும், பொத்தியிருந்த அந்த இல்லாத கைக்குள் அவளுடைய விரல்கள் திரும்பி வந்திருந்தன. சூடாகவே இருந்தனவாம். நான் வலியை மட்டும் எடுப்பேன் என்று நம்பி என்னிடம் வந்தீர்களாம்.

"இப்ப நானே விட்டுட்டன் புள்ள," என்றீர்கள்.

வலி பிறகு வரவேயில்லை. நீங்கள் என்னைக் கோபித்ததும் இல்லை. சந்திக்கும்போதெல்லாம் சுகம் கேட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதும் கை இழந்தவர்கள் வருகிறார்கள். விரிக்கச் சொல்லுமுன், கைக்குள்ளே யாரையாவது பிடித்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். போன கிழமை ஒருவர் ஓம் என்று தலையாட்டினார். அவருடைய கையை அப்படியே விட்டுவிட்டேன், அக்கா.