வலிக்காத புண்

அப்பா,

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட முதல் பஸ்ஸில் போகிறேன். நீங்கள் எட்டு மணி பஸ்ஸில் வந்துவிடுங்கள். நம் பூண்டை வாங்க வியாபாரி இன்று வரமாட்டார். நானே போனில் பேசி நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

நேற்று மாமா, அத்தை எல்லோர் முன்னாலும், "ஏ புள்ள, வாய்ப்புண்ணு சூட்டுல வாரது. நாலு எழுத்துப் படிச்சா டாக்டராயிருவியா?" என்று சிரித்தீர்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். என் பதில் இதுதான். சாதாரண வாய்ப்புண் எரியும், இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உங்கள் கன்னத்தின் உள்ளே இருப்பது பொங்கலுக்கு முன்பே வந்தது, இன்னும் ஆறவில்லை. புகையிலையை அடக்குவதும் அந்தப் பக்கம்தான். "வலிக்கவே இல்ல, பெறகென்ன?" என்கிறீர்கள். வலிக்காததுதான் எனக்குப் பயம். நான் டாக்டர் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் கூப்பிடுகிறேன்.

குழைந்த சோறும் மிளகு போடாத ரசமும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்வெட்டர் கொடியில் கிடக்கிறது. சாவியைச் சின்னம்மாவிடம் கொடுங்கள்.

டோக்கன் கூப்பிடும்போது நீங்கள் இல்லையென்றால், நானே உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்வேன். வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

செல்வராணி

சட்டைப்பையில் புகையிலையைத் தேட வேண்டாம். எருக்குழியில் கொட்டிவிட்டேன். பரணில் ஒளித்து வைத்திருந்ததையும் சேர்த்துத்தான். திட்டுவதானால் ஆஸ்பத்திரிக்கு வந்து திட்டுங்கள்.