ருசி பார்ப்பவளின் மாத்திரை

மே 5
இன்றும் ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்த மாம்பழக் கூழ் வெறும் வெந்நீராக இருக்கிறது, எரிச்சல் வேறு. பக்கத்தில் ருசி பார்த்த பவ்யாவின் முகத்தைப் பார்த்து, "புளிப்பு சரி" என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருடமாக இந்த சித்தூர் ஃபேக்டரியில் என் நாக்குக்குத்தான் சம்பளம். நாக்கு செத்துப்போச்சுன்னு எப்படிப் போய்ச் சொல்வேன்? ஜூனில் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும்.

மே 8
இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வைட்டமின் பி12 தரையைத் தொட்டிருக்கிறதாம், நாக்கு செத்ததும் அதனால்தானாம். ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு கறி, முட்டையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. பாலும் எனக்கு ஆகாது. பிறகு எங்கிருந்து வரும்?

"கேப்சூலா, நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரையா?" என்றார் டாக்டரம்மா. கேப்சூலைக் கண்டாலே என் தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். நாக்கடி மாத்திரையே கேட்டு வாங்கினேன். "எதுவானாலும் உள்ள போவணும், அவ்ளோதான்" என்று சிரித்தார்.

மே 24
பதினாறு நாள். ஒன்றுமில்லை.

மே 25, ஞாயிறு
மானம் போனது! மாத்திரையோடு சமையலறையில் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் புருஷோத்தமன், "இன்னாத்துக்கு மாத்திரைய துப்பற?" என்றார்.

"நான் எங்க துப்பனேன்?"

"தெனமும் துப்பிக்கினுதான் கீற. வாய் கொப்பளிக்கறன்னு நெனச்சேன்."

தொட்டியில் பாதி கரைந்த மாத்திரை கிடந்தது. வாயில் எது வந்தாலும் பத்து விநாடி சுழற்று, துப்பு, கொப்பளி – பதினோரு வருடத் தொழில் புத்தி. பதினேழு மாத்திரையும் சாக்கடைக்கு! அழ ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

மே 26
போனில் நேரம் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் எதிரே காவல் நின்றார். மூன்றாவது நிமிடம் அவர் சட்டையிலேயே துப்பினேன்.

மே 29
கேப்சூலும் வாங்கிப் பார்த்தாச்சு. தொண்டையில் நின்று திரும்பி வருகிறது. மூன்று முறை. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு ரோஜா இதழ்போல் வழவழவென்று இருக்கிறது. எனக்கு ஏன் இப்படி?

ஜூன் 1, ஞாயிறு
கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களியை யாராவது மெல்வார்களா? குழம்பில் தோய்த்து உள்ளே நழுவ விடவேண்டியதுதான். அவர் என் கை உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் கேப்சூலைக் கொண்டுவந்தார். "இத்த அதுல வெச்சு துன்னு."

ஒரே விழுங்கு. "போயிந்தா?" என்றார் தெலுங்கில். போயிந்தி, உள்ளே போயேவிட்டது! எழுந்து ஆடாத குறைதான்.

ஜூன் 2
எங்கள் மேனேஜர் ஹரிபிரசாத் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். "மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா?" என்றார். மேயில் நான் பார்த்ததையெல்லாம் லேபில் மறுபடி பார்க்கச் சொன்னார். நாக்கு திரும்பும்வரை பவ்யா என் நாற்காலியில். திரும்பாவிட்டால்?

ஜூன் 12
தினமும் எலுமிச்சை அளவு களி, உள்ளே ஒரு கேப்சூல். இன்று கடுங்காபி கசந்தது! "கசக்குது, கசக்குது!" என்று கத்தினேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவர் மன்னிப்புக் கேட்டார். பாவம் மனுஷன்.

ஜூன் 24
ஃபேக்டரியில் கிளிமூக்குக் கூழ் ஓடுகிறது. இரண்டாவது டேங்க் கூழைப் பவ்யா சரி என்றாள். சும்மா ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன். புளிப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று – லேசாகக் கள் வாடை. "சார், இத டின்ல அடைக்காதீங்க" என்றேன். லேபுக்கு அனுப்பினார்கள். மதியம்வரை லேப் கதவுக்கும் டேங்குக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

நொதிக்க ஆரம்பித்திருந்ததாம். பவ்யாவே எழுந்து, "கூர்ச்சோக்கா" என்று, உட்காரச் சொல்லி நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்து மூன்றாவது டேங்க். அந்தத் துவர்ப்பு, அந்தப் புளிப்பு, கடைசியில் எட்டிப் பார்க்கும் இனிப்பு. ஹரிபிரசாத் சார் துப்புகிற கிண்ணத்தை நீட்டினார்.

நான் விழுங்கிவிட்டேன்.