கிழக்குச் சுவரின் மேல் மூன்று வரிசை

இன்று காலை ஏர்பேட்டில் ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பும்போது, அளவு நாடாவைத் தேடிக் கருவிப் பையைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து உன் இடக்கைக் கையுறை வந்து விழுந்தது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இருந்த இரண்டு உறைகளைப் பிரித்து, ஒரே உறையாகச் சேர்த்து நீயே தைத்த கையுறை. மடங்காத அந்த இரண்டு விரல்களும் தனித்தனியாக உள்ளே போக மறுத்தன, அதனால் அப்படித் தைத்தாய். தையல் கோணல்மாணலாக இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலைக்கு அரை நாள் தாமதம் என்று போன் செய்து சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீயும் நானும் நகரியில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்குப் போய், கம்பெனி ஷெட்டுகளுக்குத் தகடு அடிக்கும் வேலையைச் சேர்ந்தே கற்றுக்கொண்டவர்கள். பிறகு சத்தியவேட்டில் பக்கத்துப் பக்கத்து வீடாக வாடகைக்குப் பிடித்து, வீடுகளுக்கு அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தோம். கடலை ஒட்டிய ஊர்களில் மழை மேலிருந்து மட்டும் விழுவதில்லை, பக்கவாட்டிலும் அடிக்கிறது. செங்கல் சுவர் தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்பூச்சு பொரிப்பொரியாக உதிரும். அந்தச் சுவருக்கு வெளியே இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் வண்ணத் தகடுகளை ஸ்க்ரூ வைத்து முடுக்கி, நடுவில் காற்றுப் போக இடம் விடுவதுதான் நம் தொழில். "காத்து நேரா வந்து மோதாதுடா. ஓரத்துல நொழஞ்சிதான் பிச்சினு போவும்" என்பாய். ஓரத் தகடுகளை என்னிடம்கூட விடமாட்டாய். நீயே அடிப்பாய்.

அந்த நாட்களில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஓரத் தகட்டை நான் அடித்தேன்.

தடாவைத் தாண்டி, ஏரிக்கரையில் இருந்த டீச்சரம்மாவின் வீடு. அவரும், படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய தாயாரும் மட்டும் இருந்தார்கள். தாயாரின் கட்டில் கிழக்குச் சுவரோரம். அந்தச் சுவர்தான் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. வேலை முடிய ஒரு நாள் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாய். மிச்சத்தை நான் முடிக்கிறேன் என்று தனியாகப் போனேன். மேல் மூன்று வரிசைத் தகடுகள் பாக்கி இருக்கையில் துருப்பிடிக்காத ஸ்க்ரூ தீர்ந்துபோனது. சூலூர்ப்பேட்டைக் கடை அன்று விடுமுறை. மறுநாள் நகரியில் என் மகளுக்குக் காதுகுத்து. பையில் சாதா ஸ்க்ரூ ஒரு டப்பா கிடந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை எடுத்து மூன்று வரிசையையும் முடுக்கிவிட்டு இறங்கினேன். அடுத்த வாரம் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நீ கேட்டபோது, "எல்லாம் முடிஞ்சிட்ச்சி" என்றேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு அது எனக்கு மறந்தே போனது என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. மழை பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவதில் அந்தப் புயல் வந்தது. சாயங்காலம் கரையைக் கடக்கும் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் டீச்சரம்மா உனக்கு போன் செய்தார். கிழக்குச் சுவர் விடாமல் தடதடக்கிறது, அம்மா பயந்து அழுகிறார், "தொந்தரகா ரண்டி பாபூ" என்று தெலுங்கில் சீக்கிரம் வரச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு நீ சிரித்தாய். "நம்ம செவுரு சத்தம் போடாதுடா. மழைத்தண்ணி பைப்பு கயண்டிருக்கும். இருந்தாலும் போய்ப் பாத்துடலாம் வா."

வண்டியில் உன் பின்னால், ட்ரில் மெஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரதையாபாளையம் தாண்டும்போதே காற்று வண்டியை ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளியது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் தோளைத் தொட்டேன். "இன்னாடா?" என்று நீ தலையைத் திருப்பினாய். "ஒண்ணுமில்ல, பாத்து ஓட்டு" என்றேன். முப்பது கிலோமீட்டர் தூரமும் எனக்கு வாய்ப்பு இருந்தது.

நாம் போய்ச் சேர்ந்தபோது ஏரி சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். புயலுக்கு ஒதுங்கும் இடம் அதுதான். டீச்சரம்மா தாயாரை நகர்த்த ஆள் வரக் காத்திருந்தார். கிழக்குச் சுவர், அவர் சொன்ன மாதிரியே, யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பைப்பு சரியாகத்தான் இருந்தது. நீ ஏணி போட்டு நடு உயரத்தில் கைக்கு எட்டிய வரிசையைத் தொட்டுப் பார்த்தாய். கெட்டியாக இருந்தது. கையை நீட்டி அதற்கு மேல் வரிசையின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினாய். தலை மட்டும் தனியாக உன் கையில் வந்தது. உள்ளே துரு தின்று தீர்த்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"இது நம்ம ஸ்க்ரூ இல்லியே. எப்பிட்றா வந்திச்சி?"

"கடக்காரன் கலந்து குட்துட்டான் போல."

அப்படித்தான் சொன்னேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் சொல்ல வந்தது.

"அப்பிடின்னா எங்கெங்க கீதுன்னே தெரியாதே" என்றாய். கலந்து வந்த ஸ்க்ரூ சுவர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் என்று நம்பி, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தாய். குந்தி உட்கார்ந்து, ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் நீ அடித்தவை. ஒன்றுகூட அசையவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்டது எங்கே இருக்கிறது என்று எனக்கு விரல் நீட்டிக் காட்டத் தெரியும். நீ தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தாய். மழை வலுத்தது. முதல் வரிசை முடிந்து இரண்டாவது முடிந்தது. தென்னை மட்டை ஒன்று பறந்து வந்து வாசலில் விழுந்தது. மேலே ஓரத் தகட்டின் முனை மூச்சு விடுவதுபோல எழுந்து எழுந்து அமர்வதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் இன்னொன்று இல்லை.

அப்புறம் கத்தினேன். "மேல மூணு வரிசதாண்டா! நாந்தான் போட்டேன்! நீ காய்ச்சல்ல கெடந்தப்ப!"

நீ எழுந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "ஏணியப் புடி" என்றாய். அவ்வளவுதான்.

மேலே ஏறிப் பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில் புது ஸ்க்ரூ போட ஆரம்பித்தாய். இரண்டு தகடுகள் முடிந்தன. ஏணியை நகர்த்தி ஓரத் தகட்டுக்கு வந்தோம். நீ ட்ரில்லைத் தூக்குவதற்குள் ஒரு காற்று வந்தது. மேல் வரிசை ஸ்க்ரூக்கள் பட்டாசுபோல அடுத்தடுத்துத் தெறித்தன. தகடு சுவரை விட்டுக் கிளம்பியது. நீ ட்ரில்லைப் போட்டுவிட்டு இடக்கையால் அதன் விளிம்பைப் பிடித்தாய். வலக்கை சன்னல் கம்பியில்.

"விட்றா! உட்டுட்டு எறங்கு!" என்று கத்தினேன்.

"பின்னால பார்றா!"

திரும்பிப் பார்த்தேன். காற்று போகும் திசையில், வேலிக்கு அந்தப் பக்கம், மக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, குனிந்த தலை நிமிராமல் வரிசையாக நடந்தார்கள். பத்தடி நீளத் தகடு அந்த வரிசையில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பது நம் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

"போய்க்கினே கீறாங்கடா, வரிச இன்னும் முடியல. நீ மேல வா!"

சேற்றில் கிடந்த ட்ரில்லை எடுத்துக்கொண்டு அதே ஏணியில் உன் முதுகோடு ஒட்டி ஏறினேன். ஏணி வளைந்தது. கீழே பிடிக்க ஆளில்லை. டீச்சரம்மா ஓடிவந்து இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டார். தகடு ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் விளிம்பு உன் உள்ளங்கைக்குள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. உன் ரத்தம் மழையோடு சேர்ந்து என் முழங்கை வழியாக வழிந்தது, வெதுவெதுப்பாக. நீ கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "கீழ... இன்னும் கீழ... ஆங், அடி" என்று இடம் சொல்லிக்கொண்டிருந்தாய். முதல் ஸ்க்ரூ சறுக்கியது. இரண்டாவது பிடித்தது. நான்கு பிடித்த பிறகுதான் கையைத் திறந்தாய். திறக்க வரவில்லை, நான்தான் பிரித்துவிட்டேன்.

சுவர் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உன்னைத் தவிர.

பள்ளிக்கூடத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரர் உன்னை சூலூர்ப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தையல் போட்டார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, உடனே திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ரோடெல்லாம் மரம் விழுந்து இரண்டு நாள் நகர முடியவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இரண்டு விரல் இனி மடங்காது என்று திருப்பதி டாக்டர் சொன்னபோது நீ அந்தக் கையை யாருடையதோபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

வராந்தாவில் என்னிடம் சொன்னாய்: "வூட்ல நான் வழுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லு."

"ஏண்டா?"

"நாளைக்கி ரெண்டு பேரும் ஒரே ஏணில ஏறணும். வூட்ல தெரிஞ்சா ஏற வுட மாட்டாங்க." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "சொல்றதா இருந்தா ஒரு நாள் நீயே சொல்லிக்கோ" என்றாய்.

அதன்பிறகு நீ கீழே நின்று அளந்து வெட்டினாய், நான் ஏணியில். ஓரத் தகடு என் பொறுப்பானது. நீ ஒருநாளும் அதைக் குத்திக்காட்டவில்லை. ஆனால் உன் மனைவி குத்திக்காட்டினாள், உன்னை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போதும், உன் கையிலிருந்து டம்ளர் நழுவும்போதும் சொல்வாள்: "புயல்ல போயி வீரம் காட்னாரு. பாத்து ஏறத் தெரியாத ஆளுக்கு வீரம் இன்னாத்துக்கு?" நீ சிரித்துக்கொள்வாய். நான் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு வருடம் குடித்தேன்.

போன தை மாதம் நெஞ்சு வலி என்று உன்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். நான் புத்தூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, உன் மனைவியிடம் சொன்னேன். எதையும் விடவில்லை. சாதா ஸ்க்ரூ, காதுகுத்து, கடைக்காரன் மேல் போட்ட பழி, நீ கீழ் வரிசையில் தேடிய அரை மணி நேரம் எல்லாம் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருசம் அவர நான் திட்னப்பல்லாம் நீ இங்கதான ஒக்காந்துக்கினு இருந்த?"

"ஆமாம்மா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டை மறுபடி எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராத அண்ணா" என்றாள்.

வரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒன்பது மாதம் ஒரு வாசலைத் தாண்டாமல் இருப்பது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும். அவள் குடம் வைக்கும் சத்தம்கூடக் கேட்கும். போகக் கூடாது.

போன வாரம் மறுபடியும் புயல் எச்சரிக்கை வந்தது. உன் வீட்டுப் பின்சுவருக்கு நீயும் நானும் அடித்த தகடு இருக்கிறதே, அதை ஒருவரும் பார்த்து வருடக்கணக்காகிறது. கூப்பிடாமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்பக்கம் நின்றேன். திட்டினால் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். அவள் வெளியே வந்தாள். என்னையும் ஏணியையும் பார்த்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணி சாத்த இடம் விட்டாள்.

எல்லா வரிசையையும் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூக்களின் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்திருந்தது, மாற்றினேன். இறங்கியபோது அவள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். இப்போதெல்லாம் எந்த வீட்டிலும், யாரும் கேட்பதற்கு முன்பே, முடிந்ததையும் முடியாததையும் சொல்லிவிட்டுத்தான் ஏணியைத் தூக்குகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். அவளிடமும் சொன்னேன்.

"ரெண்டு மாத்திட்டேம்மா. மேல மூலைல ஒரு எடத்துல சட்டத்துலயே துரு ஏறிக்கினு கீது. இன்னிக்கி தாங்கும். ஆனா அத நான் இன்னும் சரி பண்ணல."

அவள் அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கி வா" என்றாள்.