யாரோ இறக்கிய விலை

மகள் வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு,

இதை மாப்பிள்ளை இல்லாத நேரம் பார்த்துப் படி.

எந்தப் பங்கை வாங்கினாலும், இந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுப்போக வேண்டும் என்று அன்றே போனில் போட்டுவைப்பேன். யாரும் சொல்லித்தராமல் நானே பட்டுத் தெரிந்துகொண்ட கட்டுப்பாடு அது. இம்முறை அந்த விலையை யாரோ மாற்றியிருக்கிறார்கள். பங்கு இறங்க இறங்க அதையும் இறக்கி, கடைசியில் எடுத்தே விட்டார்கள். மாடி கட்ட வைத்திருந்ததில் பாதி போய்விட்டது.

உன்னை அழைத்துப்போக வந்த அன்று மாப்பிள்ளை என் நாற்காலியில் ஏன் உட்கார்ந்தார்? பங்குத் தரகர் அலுவலகத்தையும் நான் விடவில்லை, நேரில் போய்க் கேட்டேன்.

“எல்லா மாற்றமும் உங்க போன்லேருந்துதான் வந்திருக்கு ஐயா” என்றாள் அங்கிருந்த பெண்.

“என் போனை யாரும்மா எடுத்தா?”

“அதைத் திறக்க உங்க கட்டைவிரல் வேணுமே ஐயா. தூங்குறப்ப யாராவது பிடிச்சு வச்சாங்களோ என்னவோ!”

கிண்டல். அவளையும் நம்புவதற்கில்லை.

எல்லாவற்றையும் விற்று, மிஞ்சியதை உன் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன். யார் கேட்டாலும் கொடுக்காதே. என் குரலில் கேட்டாலும் கொடுக்காதே. என்னைப் போலவே ஒருவன் வாசலில் வந்து நின்று, “ஒரே ஒரு தடவைடி, விட்டதைப் பிடிச்சிடுறேன்” என்று கெஞ்சினாலும் கதவைத் திறக்காதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்