கொழும்பிலிருந்து வந்த சோதனை முடிவு

புளியங்குளம், வெள்ளிக்கிழமை

என் மனைவி கமலா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவு இன்று. அவளுக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைத்துக்கொண்டிருந்தபோது கொழும்பு ஆய்வுகூடத்துப் பிள்ளையொருத்தி தொலைபேசியில் அழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காய்ச்சலுக்குப் போட்ட ஊசியால்தான் கமலாவின் இரத்தம் குறைகிறதோ என்று வைத்தியருக்குச் சந்தேகம் வந்தது. அவளது இரத்தத்தோடு அதே மருந்தையும் அனுப்பியிருந்தார். இரண்டையும் கலந்து பார்த்தால்தான் தெரியுமாம். வீட்டுக்காரனே அந்நியனின் சட்டையோடு வந்தால் வளர்த்த நாயே கடிப்பதுபோல, மருந்து ஒட்டிய இரத்தச் செங்குழியங்களை உடம்பே அழித்துவிடும் என்று அப்போது கமலாவுக்கு விளக்கினேன். "அப்ப சட்டையைக் கழட்டச் சொல்லுங்கோவன்" என்று சிரித்தாள். ஊசியை நிறுத்தினார்கள், இரத்தம் ஏற்றினார்கள். விடியுமுன் போய்விட்டாள்.

இன்று அழைத்த பிள்ளை சொன்னாள்: "முடிவு வந்திட்டுது ஐயா. அந்த ஊசிக்கு எதிரா அம்மாவின்ர இரத்தத்தில அன்ரிபொடி இருக்கு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அம்மாவை முதல்ல அதைச் சொல்லச் சொல்லுங்கோ. இனி ஒருநாளும் போடக்கூடாது."

ஓர் உயிரைக் காப்பாற்றிய சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் பிள்ளை, சொல்லுறன்."

"ஆரப்பா போனில?" என்று மகள் குசினியிலிருந்து கேட்டாள். படையலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"கமலா, உமக்கு இனி அந்த ஊசி போடமாட்டினமாம்" என்றேன்.